ஒரு கெர்னல் அப்டேட், மூன்று கோளாறுகள்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை அப்டேட் செய்த பிறகு லேப்டாப் மக்கர் செய்தால் பலரும் உடனே இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். லைவ் யூஎஸ்பி செருகி எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுகிறார்கள். இல்லாவிட்டால், யாரோ யாருக்கோ சொன்ன கெர்னல் பாராமீட்டர்களை (பூட் ஆகும்போது கெர்னலுக்குத் தரும் குறிப்புகளை) வரிசையாக, கெர்னலை ஏற்றும் நிரலான கிரப்பில் ஒட்டிப் பார்க்கிறார்கள். முதல் வழியில் என்ன கெட்டது என்பது கடைசி வரை தெரியாது. அதே கோளாறு இன்னொரு அப்டேட்டில் திரும்ப வந்து நிற்கும். இரண்டாவது வழியில் ஒன்று சரியாகி இன்னொன்று கெடும். பிறகு எது எதனால் வந்தது என்று பிரிக்கவே முடியாது.

இதை எழுதக் காரணம், என் அக்கா மகளின் லேப்டாப். ஒரு சாயங்காலம் மொத்தமாக அப்டேட் போட்டிருக்கிறாள். அதற்குப் பின் லேப்டாப் பூட் ஆகவில்லை. பூட் ஆக வைத்த பிறகு, அணைத்தால் அணையவில்லை. அதையும் சமாளித்த பிறகு பார்த்தால், மூடி வைத்த லேப்டாப்பில் விடிவதற்குள் பேட்டரி காலி. மூன்றுக்கும் ஒரே வேர்தான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். இல்லை. மூன்றுக்கும் மூன்று காரணங்கள். அவற்றில் ஒரு காரணத்துக்குக் கெர்னலோடு சம்பந்தமே இல்லை. இதைப் பிரித்துக் காட்டியது பழைய கெர்னல். அது கிரப் மெனுவில் இன்னும் இருந்தது. ஒவ்வொரு கோளாறையும் புதியதில் ஒரு முறை, பழையதில் ஒரு முறை என்று பார்த்தோம். வேறு எதையும் மாற்றவில்லை.

முதலில் பூட். அவள் இருப்பது வேறு ஊர், எல்லாம் போனில்தான்.

“சித்தி, லோகோ வந்துச்சு, அப்புறம் ஒரே கருப்பு. ஃபார்மட் பண்ணிடட்டுமா?”

“வேணாம்மா, எதையும் தொடாதே. கேப்ஸ் லாக் லைட் எப்படி இருக்குன்னு மட்டும் பாரு.”

“விட்டு விட்டு எரியுது.”

“அப்ப நல்லதுதான். பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு ஆஃப் பண்ணு.”

நல்லது என்று சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. லினக்ஸ் கெர்னல் பேனிக் ஆகும்போது, அதாவது மேற்கொண்டு ஓட முடியாமல் விழும்போது, லேப்டாப்பின் உள் கீபோர்டில் கேப்ஸ் லாக் விளக்கு மினுக்கும். திரையில் ஒரு எழுத்துகூட வராத நேரத்திலும் கெர்னல் தான் விழுந்துவிட்டதைச் சொல்ல வைத்திருக்கும் வழி அது. மதர்போர்டு உயிரோடு இருக்கிறது, ஃபர்ம்வேர் தன் வேலையை முடித்துவிட்டது, கிரப் கெர்னலை ஏற்றிவிட்டது, கெர்னல் எழுந்து கொஞ்ச தூரம் ஓடி விழுந்திருக்கிறது. இவ்வளவும் அந்த ஒரு விளக்கிலிருந்து தெரிந்துவிட்டது.

எங்கே நிற்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் பூட் கோளாறில் பாதி முடிந்த மாதிரி. பூட் நடக்கும் வரிசை இது: மதர்போர்டிலேயே இருக்கும் நிரலான யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர், பிறகு கிரப், பிறகு கெர்னலும் அதோடு வரும் தொடக்கக் கருவிகளின் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸும், பிறகு வட்டில் இயங்குதளம் இருக்கும் ரூட் பகிர்வு, கடைசியில் மற்ற சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி. தயாரிப்பாளரின் லோகோவே வரவில்லை என்றால் கெர்னலைக் குறை சொல்லவே முடியாது, ஏனென்றால் அது இன்னும் அரங்குக்கே வரவில்லை. லோகோ வந்து கிரப் வராமல் நேரே ஃபர்ம்வேர் மெனுவுக்குப் போனால் யூஇஎஃப்ஐ பூட் பதிவில் பார்க்க வேண்டும். வட்டின் யூயூஐடி (அடையாள எண்) கிடைக்கவில்லை என்று சொல்லி ஒரு சிறிய ஷெல்லில் கொண்டுபோய் விட்டால், வட்டுக்கான டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் ஏறவில்லை என்று சந்தேகப்படலாம். எல்லாம் ஓடி, லாகின் திரை வரவேண்டிய இடத்தில் கருப்பானால், பெரும்பாலும் கிராஃபிக்ஸ்.

அவளுடைய லேப்டாப்பில் கிரப் மெனு மறைந்திருந்தது. உபுண்டு குடும்பத்து லினக்ஸ் வினியோகங்களில் பெரும்பாலும் அப்படித்தான். யூஇஎஃப்ஐ லேப்டாப் என்றால் லோகோ மறையும்போது எஸ்கேப் விசையைத் தட்ட வேண்டும். யூஇஎஃப்ஐக்கு முந்தைய பழைய பயாஸ் என்றால் ஷிஃப்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எஸ்கேப்பை அவசரப்பட்டுப் பல முறை தட்டினால் மெனுவைத் தாண்டி கிரப்பின் கட்டளை வரிக்குப் போய்விடும். அங்கே நார்மல் என்று அடித்து என்டர் தட்டி, மறுபடி ஒரு முறை எஸ்கேப் தட்டினால் மெனு வரும். மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே போனால் நிறுவப்பட்ட கெர்னல்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். அதில் முந்தைய எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். வட்டின் கடவுச்சொல் கேட்டது, டெஸ்க்டாப் வந்தது. லேப்டாப்பில் இருந்த அவளுடைய ஆய்வேடு அப்படியே பத்திரமாக இருந்தது.

ஆசுவாசம் கிடைத்துவிட்டது என்று அங்கேயே நின்றுவிடக் கூடாது. அடுத்து கிரப் மெனுவில் புதிய கெர்னலின் மேல் நின்று இ விசையைத் தட்டச் சொன்னேன். பூட் கட்டளைகள் திரையில் விரியும். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் இருக்கும் ‘குவையட் ஸ்ப்ளாஷ்’ என்ற இரண்டு சொற்களையும் அழித்துவிட்டு எஃப்10 தட்டினால், கெர்னல் மௌனம் கலைத்து ஒவ்வொரு வரியாகப் பேசும். இந்த மாற்றம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான். வட்டில் எதுவும் எழுதப்படாது. ஆகவே பயமில்லாமல் செய்யலாம். வந்த கடைசி வரிகளை அவள் போட்டோ எடுத்து அனுப்பினாள். ‘விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்னோன்-பிளாக்(0,0)’.

அந்த (0,0)-ஐக் கவனியுங்கள். ரூட் பகிர்வு கெட்டுப்போயிருந்தாலோ அடையாளம் மாறியிருந்தாலோ வேறு மாதிரி புலம்பும். இரண்டும் பூஜ்யம் என்றால், வட்டு என்ற ஒன்றே கெர்னலின் கண்ணில் படவில்லை. வட்டைத் திறக்கும் கருவிகளை ஏற்றி வரும் பெட்டி வரவில்லை. அந்தப் பெட்டிதான் இனிட்ராம்எஃப்எஸ். அவளுடைய வட்டு லக்ஸ் என்ற குறியாக்க முறையில் பூட்டப்பட்டது. கடவுச்சொல் கேட்பதற்கான நிரல்கூட இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்தான் இருக்கிறது. திரும்ப இ தட்டிப் பார்த்தால், பழைய கெர்னலுக்கு லினக்ஸ் வரிக்குக் கீழே இனிட்ஆர்டி என்று ஒரு வரி இருந்தது. புதியதற்கு அந்த வரியே இல்லை.

காரணம், வட்டில் இடமில்லை. முழு வட்டையும் குறியாக்கி நிறுவும்போது பூட் கோப்புறைக்கு மட்டும் குறியாக்கம் இல்லாத சின்னப் பகிர்வு ஒன்று தனியாக ஒதுக்கப்படும். சில ஆண்டுகளுக்கு முன் ஒதுக்கிய அளவு அன்றைக்குப் போதும். ஆனால் இனிட்ராம்எஃப்எஸ் ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே போகிறது. கிராஃபிக்ஸ் டிரைவர்களும் அவற்றுக்கான ஃபர்ம்வேர் கோப்புகளும் அதில் ஏறுவதுதான் முக்கியக் காரணம். டிஎஃப் கட்டளை பூட் பகிர்வு 100 சதவீதம் நிரம்பியிருப்பதைக் காட்டியது. அப்டேட் ஓடும்போது ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்ற எச்சரிக்கை எங்கோ நடுவில் ஓடியிருக்கும். வரைகலை அப்டேட் கருவியில் அது கண்ணில் படவில்லை. அதற்கு அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

இங்கே ஒரு விஷயத்தில் நான் கறார். பூட் கோப்புறைக்குள் போய்க் கையால் எதையும் அழிக்காதீர்கள். பேக்கேஜ் மேலாளர் வழியாகவே பழைய கெர்னல்களை நீக்குங்கள். அதற்கு முன் யூநேம் கட்டளைக்கு மைனஸ் ஆர் கொடுத்து, இப்போது ஓடுவது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதை நீக்கிவிடாதீர்கள். நன்றாக ஓடிய ஒரு பழைய கெர்னலாவது எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும். அவளுடைய லேப்டாப்பில் அதற்கும் முந்தைய ஒன்று தேவையில்லாமல் இருந்தது. அதை நீக்கி, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையைப் புதிய கெர்னலின் எண்ணோடு ஓட்டி, பிறகு அப்டேட்-கிரப். அதன்பின் இனிட்ஆர்டி வரி வந்தது, புதிய கெர்னல் ஓடியது. இடம் எப்போதுமே இறுக்கம் என்றால் இனிட்ராம்எஃப்எஸ் அமைப்புக் கோப்பில் மாட்யூல்ஸ் என்ற மதிப்பை மோஸ்ட் என்பதிலிருந்து டெப் என்று மாற்றலாம். அந்த லேப்டாப்புக்குத் தேவையான டிரைவர்கள் மட்டும் ஏறும், அளவு நன்றாகக் குறையும். ஆனால் அந்த வட்டைக் கழற்றி வேறு லேப்டாப்பில் மாட்டினால் பூட் ஆகாமல் போகலாம்.

வினியோகங்களில் ஃபெடோரா தானாகவே கடைசி 3 கெர்னல்களை வைத்துக்கொள்கிறது. ஆர்ச் அப்படியில்லை, பழையதன் மேலேயே புதியதை எழுதிவிடும். ஆர்ச் ஓட்டுபவர்கள், நீண்ட கால ஆதரவுள்ள கெர்னலான லினக்ஸ்-எல்டிஎஸ் பேக்கேஜையும் கூடவே நிறுவி வைத்துக்கொள்ளுங்கள். அப்டேட் போட்டு மறுபூட் செய்யாமல் இருக்கும்போது யூஎஸ்பி டிரைவ் மவுண்ட் ஆகாமல் போவதும் இதனால்தான். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் மாட்யூல்கள் (தேவைப்படும்போது ஏறும் டிரைவர் துண்டுகள்) வட்டில் இல்லாமல் போயிருக்கும்.

பூட்டில் வரும் மற்ற வழக்கமான கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்விடியா டிரைவரும் விர்ச்சுவல்பாக்ஸும் டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாக ஒவ்வொரு கெர்னலுக்கும் புதிதாகக் கட்டப்பட வேண்டியவை. அப்படிக் கட்டத் தேவையான கோப்புகள் உள்ள, புதிய கெர்னலின் ஹெட்டர் பேக்கேஜ் இல்லாவிட்டால் கட்டப்படாது. கட்டப்பட்டும் ஏறவில்லை, கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் இயங்குகிறது என்றால் கையொப்பச் சாவி பதிவாகவில்லை என்று பொருள். மோக்யூட்டில் கருவியால் பதிய வேண்டும். அதற்காக செக்யூர் பூட்டையே அணைத்துவிடுவது எனக்குப் பிடிக்காத குறுக்கு வழி. வைஃபையோ ஒலியோ காணாமல் போய், கெர்னல் பதிவில் ஃபர்ம்வேர் ஏற்றுவது ‘எரர் -2’ என்று தோல்வி காட்டினால், அந்தக் கோப்பு வட்டில் இல்லை என்பதுதான் -2-இன் பொருள். புதிய கெர்னல் புதிய ஃபர்ம்வேர் கோப்பைக் கேட்கிறது, ஆனால் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜ் பழையதாகவே இருக்கிறது. அதைப் புதுப்பித்தால் போதும்.

பதிவுகளைப் பற்றியும் ஒன்று. ஜர்னல்சிடிஎல் கட்டளைக்கு மைனஸ் மைனஸ் லிஸ்ட்-பூட்ஸ் கொடுத்தால் இதுவரை நடந்த பூட்களின் பட்டியல் வரும். மைனஸ் கே, மைனஸ் பி, மைனஸ் 1 என்று கொடுத்தால் போன பூட்டின் கெர்னல் செய்திகள். அவளுடைய லேப்டாப்பில் தோற்றுப்போன பூட்கள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பதிவு இல்லையே என்று பலர் சோர்ந்துவிடுவார்கள். பதிவு இல்லை என்பதே துப்புதான்: பதிவை எழுத வட்டு திறக்கப்படுவதற்கு முன்பே கெர்னல் விழுந்திருக்கிறது.

அடுத்தது அணையாத லேப்டாப். ஷட்டவுன் கொடுத்தால் திரை அணைகிறது. பவர் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. லேப்டாப்பின் அடிப்பக்கம் சூடாகவே இருக்கிறது. பையில் அப்படியே வைத்துக்கொண்டு போனால் ஆபத்து. அதனால் இதைத்தான் அவசரமாகப் பார்க்கச் சொன்னேன். பழைய கெர்னலில் ஷட்டவுன் செய்து பார்க்கச் சொன்னேன். ஒழுங்காக அணைந்தது. புதியதில் ஒவ்வொரு முறையும் தொங்கியது. ஆக, இதில் சந்தேகம் கெர்னல் மேல்தான்.

குவையட் ஸ்ப்ளாஷ் இல்லாமல் பூட் செய்து ஷட்டவுன் கொடுத்தால் கடைசி வரிகள் தெரியும். இங்கே இரண்டு வகை உண்டு. ‘எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்’ என்று சொல்லி நேரம் ஓடிக்கொண்டிருந்தால், ஏதோ ஒரு சர்வீஸ் நிற்க மறுக்கிறது. அது சிஸ்டம்டியின் விஷயம். ‘ரீபூட்: பவர் டவுன்’ என்ற வரி வந்த பிறகும் விளக்கு எரிந்தால், சிஸ்டம்டி எல்லாவற்றையும் முடித்துவிட்டது, கோப்பு முறைமைகளும் பத்திரமாக மூடப்பட்டுவிட்டன, கடைசியாக மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லி, மின் நிர்வாகத்துக்கான இடைமுகமான ஏசிபிஐ வழியாக ஃபர்ம்வேருக்குச் சொல்லும் இடத்தில்தான் நிற்கிறது. அவளுடையது இரண்டாவது வகை. அந்த நிலையில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் தரவு போகாது என்று அவளுக்குத் தைரியம் சொல்ல முடிந்தது.

இந்த இடத்தில் இணையம் முழுக்கக் கிடைக்கும் அறிவுரை, கெர்னல் வரியில் ஏசிபிஐ=ஆஃப் சேர் என்பது. தயவுசெய்து சேர்க்காதீர்கள். லேப்டாப்பில் பேட்டரி அளவு, மூடி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, தூக்கம், அணைப்பு என்று மின்சாரம் சார்ந்த எல்லாமே ஏசிபிஐ வழியாகத்தான் நடக்கிறது. அதை நிறுத்திவிட்டு லேப்டாப் பிழைத்தது என்றால், கோளாறு ஏசிபிஐ பக்கம் இருக்கிறது என்று ஒரு தடயம் கிடைத்தது, அவ்வளவே. கெர்னலின் கிராஃபிக்ஸ் டிரைவரைத் தடுக்கும் நோமோட்செட் பாராமீட்டரும் அப்படித்தான். கருப்புத் திரையைத் தாண்டி உள்ளே போய்ச் சரிசெய்ய அது ரொம்ப உபயோகம். ஆனால் நிரந்தரமாக விட்டுவிட்டால் கிராஃபிக்ஸ் சிப் சும்மா இருக்க, ஒவ்வொரு படத்தையும் சிபியு வரைய வேண்டியிருக்கும். சூடு ஏறும், பேட்டரி கரையும். பிறகு ‘லினக்ஸில் பேட்டரியே நிற்பதில்லை’ என்று ஒருவர் வருவார். கெர்னல் வரியைப் பார்த்தால், என்றைக்கோ ஒட்டிய நோமோட்செட் அங்கே இருக்கும். இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

அவளுடைய லேப்டாப்பில் செய்தது மெதுவான வேலை. ஷட்டவுனுக்கு முன் ஒவ்வொரு டிரைவர் மாட்யூலாக மோட்ப்ரோப் மைனஸ் ஆர் கொடுத்து இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். வைஃபையை இறக்கியும் தொங்கியது. ப்ளூடூத்தை இறக்கியும் தொங்கியது. மெமரி கார்டு ரீடரின் டிரைவரை இறக்கியதும் பட்டென்று அணைந்தது. அவள் அந்த ரீடரில் ஒரு கார்டுகூடச் செருகியதில்லை. அதுதான் இந்த மாதிரி கோளாறுகளில் தொல்லை. பயன்படுத்தாத பாகம் ஒன்று மூலையில் இருந்துகொண்டு மொத்த லேப்டாப்பையும் நிறுத்தி வைக்கும்.

திருத்தம் வரும் வரைக்கும் ஒரு தற்காலிக ஏற்பாடு செய்தோம். சிஸ்டம்டியில் சிஸ்டம்-ஷட்டவுன் என்று ஒரு கோப்புறை இருக்கிறது. யூஎஸ்ஆர், லிப், சிஸ்டம்டி என்ற வரிசையில் அதன் கீழே. அதில் இயங்கக்கூடிய ஸ்கிரிப்ட் எதை வைத்தாலும், அணைக்கும் கடைசிக் கட்டத்தில் சிஸ்டம்டி அதை ஓட்டும். நடப்பது பவர்ஆஃபா ரீபூட்டா என்பதையும் அதனிடம் சொல்லும். கார்டு ரீடர் மாட்யூலை இறக்கும் ஒரே வரி ஸ்கிரிப்டை அங்கே வைத்தோம். கெர்னல் வரியில் கை வைக்கவே தேவைப்படவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. மூடி வைத்தால் பேட்டரி கரைகிறது. இதையும் முதலில் அளந்துதான் பார்க்க வேண்டும். சிஸ் கோப்புறையில் கிளாஸ், அதில் பவர்_சப்ளை, அதன் கீழே பேட்0 என்று இருக்கும். அதில் எனர்ஜி_நவ் என்ற கோப்பின் எண்ணை, மூடுவதற்கு முன் ஒரு முறையும் திறந்த பிறகு ஒரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். அது மைக்ரோவாட்-மணி, பத்து லட்சத்தால் வகுத்தால் வாட்-மணி. 50 வாட்-மணி பேட்டரி, 8 மணி நேரத்தில் 20 வாட்-மணி இழந்தால் சராசரி 2.5 வாட். தூங்கும் லேப்டாப்புக்கு இது மிக அதிகம். ரேமை மட்டும் உயிரோடு வைத்திருக்கும் எஸ்3 தூக்கத்தில் பேட்டரி நாள்கணக்கில் தாங்க வேண்டும்.

பழைய கெர்னலில் இதையே அளந்தோம். அதே கரைசல். ஒரு நிமிஷம் எனக்கே குழப்பமாக இருந்தது. ஏனென்றால் அப்டேட்டுக்கு முன் அதே பழைய கெர்னலில் பேட்டரி நன்றாக நின்றிருக்கிறது என்று அவள் உறுதியாகச் சொன்னாள். அப்படியானால் மாறியது கெர்னல் இல்லை, வேறு ஏதோ.

சிஸ், பவர், மெம்_ஸ்லீப் என்ற கோப்பைக் கேட் கட்டளையால் படித்தால், லேப்டாப்புக்குத் தெரிந்த தூக்க முறைகள் வரும். வழக்கமாக எஸ்2ஐடில், டீப் என்று இரண்டு இருக்கும். எது நடப்பில் இருக்கிறதோ அதைச் சதுர அடைப்புக்குறி சூழ்ந்திருக்கும். டீப் என்பதுதான் எஸ்3. எஸ்2ஐடில் என்பது சிபியுவையும் மற்ற பாகங்களையும் ஆழமாக ஓய்வெடுக்க விட்டு, ஃபர்ம்வேரிடம் பொறுப்பை ஒப்படைக்காமல் கெர்னலே பார்த்துக்கொள்ளும் முறை. ஏதாவது ஒரு பாகம் ஒத்துழைக்காவிட்டாலும் ஓய்வு கெட்டுவிடும். அவளுடைய லேப்டாப்பில் எஸ்2ஐடில் மட்டும் இருந்தது. டீப் காணோம். மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப் என்று கெர்னல் வரியில் சேர்க்கலாம் என்று பலர் சொல்வார்கள்; பட்டியலிலேயே டீப் இல்லாதபோது அதனால் ஒரு பயனும் கிடையாது.

இங்கேதான் பழைய பதிவுகள் கைகொடுத்தன. ஒவ்வொரு பூட்டிலும் கெர்னல் ஒரு வரி எழுதும்: ‘ஏசிபிஐ: பிஎம்: சப்போர்ட்ஸ்’ என்று தொடங்கி, ஃபர்ம்வேர் தரும் தூக்க நிலைகளை அடுக்கும். அப்டேட்டுக்கு முந்தைய வார பூட் ஒன்றை எடுத்தோம்: எஸ்0, எஸ்3, எஸ்4, எஸ்5. அப்டேட்டுக்குப் பிறகு அதே பழைய கெர்னலில் செய்த பூட்: எஸ்0, எஸ்4, எஸ்5. கெர்னல் எண் ஒன்றே, வரி மட்டும் வேறு. எஸ்3 இருக்கிறது இல்லை என்று சொல்வது ஃபர்ம்வேர். ஆகவே மாறியது ஃபர்ம்வேர்தான்.

ஃபர்ம்வேரை அப்டேட் செய்யும் எஃப்டபிள்யூயுபிடி கருவியின் வரலாற்றைப் பார்த்தோம். அதே சாயங்காலம், அதே மறுபூட்டில், பயாஸ் அப்டேட் (ஃபர்ம்வேரை இன்னும் பயாஸ் என்றே சொல்கிறார்கள்) ஒன்றும் ஏறியிருந்தது. அந்தக் கருவி எல்விஎஃப்எஸ் என்ற சேவையிலிருந்து ஃபர்ம்வேரை எடுத்து வந்து, அடுத்த மறுபூட்டில் ஏற்றும். அப்டேட் பட்டியலில் கெர்னலுக்குப் பக்கத்திலேயே அதுவும் ஒரு வரியாக நிற்கும். புதிய பயாஸ் தன் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குத் திருப்பிவிட்டிருந்தது. பயாஸ் அமைப்புக்குள் போய், பவர் பகுதியில் தூக்க நிலை என்ற தேர்வைப் பழையபடி மாற்றியதும் டீப் திரும்ப வந்தது, பேட்டரியும் நின்றது. எல்லா லேப்டாப்பிலும் அந்தத் தேர்வு இருக்காது. இல்லாதவர்கள் எஸ்2ஐடிலைத்தான் சீர்படுத்த வேண்டும். இன்டெல் என்றால் சிபியு-ஐடில் கோப்புறையில் லோ_பவர்_ஐடில்_சிஸ்டம்_ரெசிடென்சி என்று தொடங்கும் கோப்பைத் தூக்கத்துக்கு முன்னும் பின்னும் படியுங்கள். எண் ஏறவே இல்லை என்றால் லேப்டாப் ஆழ்ந்த ஓய்வுக்குப் போகவே இல்லை. ஏதோ ஒரு பாகம் தடுக்கிறது, அதைத் தேட வேண்டும்.

இப்படி ஒரு பழியிலிருந்து கெர்னல் தப்பியதைச் சொன்னதால், கெர்னல் தவறே செய்யாது என்று சொல்ல வரவில்லை. 2011-இல் 2.6.38 கெர்னலில் நிறைய லேப்டாப்களின் மின்செலவு கூடியது. ஃபோரோனிக்ஸ் என்ற லினக்ஸ் செய்தித் தளத்தின் மைக்கேல் லாராபெல் வாரக்கணக்கில் அளந்து, காரணம் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புகளின் மின்சேமிப்பு முறையான ஏஎஸ்பிஎம் என்று கண்டுபிடித்தார். ஏஎஸ்பிஎம் ஆதரவில்லை என்று பயாஸ் சொன்னால், பயாஸ் அமைத்து வைத்ததை அப்படியே விடாமல் கெர்னல் எல்லா இடத்திலும் அணைத்துக்கொண்டிருந்தது. கெர்னல் நிரலாளர் மேத்யூ கேரட் எழுதிய திருத்தம் 2012-இல் 3.3 கெர்னலில் வந்தது. 2022-இல் 5.19.12 இன்னும் மோசம். இன்டெல் கிராஃபிக்ஸ் கொண்ட சில லேப்டாப்களில் திரைக்கு மின்சாரம் கொடுத்து எடுக்கும் கால இடைவெளிகள் தப்பாகி, திரையே சேதமாகலாம் என்று இன்டெல்லின் வில்லே சிர்யலா எச்சரித்தார். ஒரு வாரத்துக்குள் 5.19.13 வந்தது. இவை சரியானதற்கு ஒரே காரணம், யாரோ பொறுமையாக அளந்து, எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு மாறும்போது கெட்டது என்று துல்லியமாகச் சொன்னதுதான். லேப்டாப் மாடல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எந்தக் கெர்னல் எழுத்தாளரிடமும் அத்தனையும் மேஜையில் இருக்காது. உங்கள் மடியில் இருப்பதைப் பற்றி உங்களால்தான் சொல்ல முடியும்.

அதனால் கார்டு ரீடர் கோளாறைப் புகாராக எழுத வைத்தேன். லினக்ஸ் மேம்பாட்டில், முன்பு நன்றாக இருந்தது புதிய வெளியீட்டில் கெட்டால் அதற்கு ரிக்ரெஷன் என்று தனி மரியாதை உண்டு; அவற்றுக்கென்று தனி அஞ்சல் பட்டியலே இருக்கிறது. தோர்ஸ்டன் லீம்ஹுயிஸ் ரெக்ஸ்பாட் என்ற கருவியோடு அவற்றைப் பின்தொடர்ந்து வருகிறார். எழுதுவதற்கு முன் இரண்டு விஷயம். வினியோகத்தின் கெர்னலில் இல்லாமல், கெர்னல்.ஆர்க்கில் வரும் மூலக் கெர்னலிலும் கோளாறு இருக்கிறதா என்று பாருங்கள். ப்ராக், சிஸ், கெர்னல் என்ற வரிசையில் டெயின்டட் என்ற கோப்பு 0 காட்டுகிறதா என்றும் பாருங்கள்; வெளியிலிருந்து வந்த மாட்யூல் ஏதாவது ஏறியிருந்தால் 0 வராது, முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் இருக்கும்.

முடிந்தால், கெடுத்த மாற்றத்தைத் தேடித் தரும் கிட் பைசெக்ட்டும் செய்துவிடுங்கள். நல்லது, கெட்டது என்று இரண்டு பதிப்பைச் சொன்னால் நடுவில் ஒன்றை எடுத்துக் கொடுக்கும். சோதித்து நல்லதா கெட்டதா என்று சொன்னால் மிச்சத்தில் மறுபடி பாதி. இரண்டு பெரிய வெளியீடுகளுக்கு நடுவே பதினாயிரத்துக்கும் மேல் மாற்றங்கள் இருந்தாலும் 14 முறை பாதியாக்கினால் ஒன்றில் வந்து நின்றுவிடும். கெர்னலை ஒவ்வொரு முறையும் முழுதாகக் கட்ட வேண்டாம். மேக் லோக்கல்மோட்கான்ஃபிக் கொடுத்தால் அந்த லேப்டாப்பில் அப்போது ஏறியிருக்கும் மாட்யூல்கள் மட்டும் கட்டப்படும், நேரம் பல மடங்கு குறையும். கோளாறுள்ள பாகத்தின் மாட்யூல் அப்போது ஏறியிருக்கிறதா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் அதுவே விடுபட்டுப்போகும்.

புகாரில் அவள் எழுதியது கொஞ்சம்தான்: லேப்டாப் மாடல், பயாஸ் பதிப்பு, நன்றாக ஓடிய கடைசிக் கெர்னல் எண், கெட்ட முதல் கெர்னல் எண், பைசெக்ட் காட்டிய மாற்றம், மாட்யூலை இறக்கினால் அணைகிறது என்ற ஒரு வரி, கெர்னல் செய்திகளான டிமெஸ்ஜி பதிவு. அந்த மாற்றத்தை எழுதியவரே பதில் போட்டு ஒரு பேட்ச் அனுப்பினார். அதை ஏற்றி, மாட்யூலை இறக்காமலே ஷட்டவுன் செய்து பார்த்து, அணைகிறது என்று அவள் எழுதினாள். திருத்தம் பிறகு ஸ்டேபிள் வெளியீட்டிலும் வந்தது. அது வந்ததும் சிஸ்டம்-ஷட்டவுன் கோப்புறையில் வைத்த ஸ்கிரிப்டை எடுத்துவிட்டு, ஒரு முறை ஷட்டவுன் செய்து பார்த்துவிட்டுத்தான் அந்தப் பழைய கெர்னலை நீக்கச் சொன்னேன்.